புது லேப்டாப்பைச் செருகும் முன் சுவிட்ச் போர்டைப் பாருங்கள்

தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் ஒரு லேப்டாப் ஆறு வருஷம் உழைக்குமா, இரண்டாம் வருஷமே சர்வீஸ் சென்டர் போகுமா என்பதை அதன் பிராசசரோ ரேமோ முடிவு செய்வதில்லை. அதைச் செருகும் சுவிட்ச் போர்டும், அதை வைக்கும் இடமும், அது உள்ளே இழுக்கும் காற்றும்தான் முடிவு செய்கின்றன. விற்கிற இடத்தில் இதைச் சொல்லித் தர யாருக்கும் நேரமில்லை. அதனால் பெட்டியைப் பிரிக்கும் முன்பே சுவரில் இருந்து தொடங்குவோம்.

முதலில் எர்த். உலோக மேல்மூடி உள்ள லேப்டாப்பைச் சார்ஜில் போட்டுக்கொண்டு தட்டச்சு செய்யும்போது மணிக்கட்டில் சுருசுருவென்று ஓர் உணர்வு வந்தால், பெரும்பாலும் அது மெஷினின் கோளாறு அல்ல. அடாப்டருக்குள் இரைச்சலை வடிகட்டச் சிறு கெப்பாசிட்டர்கள் இருக்கும். அவற்றின் வழியாகக் கசியும் துளி மின்சாரம் எர்த் ஒயரில் இறங்கிப் போக வேண்டும். எர்த் இல்லாவிட்டால் அந்த மின்னழுத்தம், ஏறக்குறைய 230 வோல்ட்டில் பாதி, லேப்டாப்பின் உடம்பிலேயே நிற்கும். கரன்ட் மிகக் குறைவு என்பதால் ஆளுக்கு ஆபத்தில்லை. ஆனால் அதே நிலையில் டிவியையோ புரொஜெக்டரையோ ஹெச்டிஎம்ஐ கேபிளால் இணைத்தால், கேபிள் தொடும் அந்த நொடியில் போர்ட் போய்விடலாம். எர்த் சரியில்லாத இடத்தில் கேபிளை முதலில் மாட்டுங்கள், சார்ஜரையும் டிவி பிளக்கையும் பிறகு போடுங்கள். இரண்டு பின் மட்டுமே உள்ள அடாப்டர் என்றால் நல்ல வீட்டிலும் லேசான சுருசுருப்பு இருக்கும். அதற்காகப் பயப்பட வேண்டாம்.

நம் பூமி செம்மண்ணும் பாறையும். கோடையில் எர்த் குழி காய்ந்துவிட்டால் கரியும் உப்பும் போட்டிருந்தும் பலனில்லை. மாசியில் இருந்து ஆடி வரை வாரம் ஒருமுறை ஒன்றிரண்டு குடம் தண்ணீர் ஊற்றினால் போதும். பழைய வீடுகளில் போர்டு வரை எர்த் ஒயரே வந்திருக்காது. மூன்றாவது ஓட்டை வெறும் அலங்காரமாக இருக்கும். எலக்ட்ரீஷியனை அழைத்து மல்டிமீட்டரில் மூன்று அளவு எடுக்கச் சொல்லுங்கள். பேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே 230 வோல்ட் அளவில் இருக்க வேண்டும். பேஸுக்கும் எர்த்துக்கும் அதே அளவு வர வேண்டும். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இரண்டு, மூன்று வோல்ட்டுக்கு மேல் போகக் கூடாது. இரண்டாவது அளவு நூறைச் சுற்றி ஆடினால் எர்த் இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். சிலர் வேலையைச் சுருக்க நியூட்ரலையே எர்த் பின்னோடு இணைத்துவிடுவார்கள். எங்காவது நியூட்ரல் அறுந்தால் லேப்டாப், மிக்ஸி, ஃபிரிட்ஜ் எல்லாவற்றின் உடம்பிலும் முழுக் கரன்ட் வரும். அந்த இணைப்பு இருந்தால் அன்றைக்கே பிரிக்கச் சொல்லுங்கள். தடித்த எர்த் பின்னை உடைப்பது, மூன்றை இரண்டாக்கும் கன்வெர்ட்டர் போடுவது, இரண்டும் வேண்டாம்.

லோ வோல்டேஜ் பற்றிப் பலரும் கவலைப்படுகிறார்கள். மோட்டார் ஓடும் நேரத்தில் டியூப் லைட் மினுக்கும் ஊர்களில் அது இயல்புதான். ஆனால் அடாப்டரின் ஸ்டிக்கரில் 100 முதல் 240 வோல்ட் வரை என்று போட்டிருக்கும். 160 வோல்ட் வந்தாலும் அது வேலை செய்யும், ஸ்டெபிலைசர் தேவையில்லை. அடாப்டரைக் கொல்வது கூடுதல் வோல்டேஜ். தெருவில் மூன்று பேஸ் லைனில் நியூட்ரல் அறுந்தால் வீட்டுக்குள் 300 வோல்ட்டைத் தாண்டி வரலாம். சில பல்புகள் அளவுக்கு மீறிப் பிரகாசித்து மற்றவை மங்கினால் அதுதான். யோசிக்காமல் மெயினை ஆஃப் செய்யுங்கள்.

ஸ்பைக் கார்டு வாங்குவதாக இருந்தால் வெறும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸுக்கும் அதற்கும் உள்ள வித்தியாசத்தைக் கேட்டு வாங்குங்கள். உள்ளே வேரிஸ்டர் என்ற பாகம் இருந்தால்தான் அது திடீர் ஏற்றத்தைத் தடுக்கும். ஒவ்வொரு அடியும் வாங்கி அது தேயும், அதனால் சில வருஷத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். எர்த் இல்லாத போர்டில் அதன் வேலை அரைகுறைதான்.

இடி விஷயத்தில் எந்தக் கருவியையும் நம்பாதீர்கள். சித்திரை, வைகாசியின் கோடை இடியும், புரட்டாசி, ஐப்பசி மழையும் நம் பக்கம் கடுமையானவை. சுவிட்சை அணைத்தால் போதாது, பிளக்கையே உருவி வையுங்கள். சுவிட்சுக்குள் இருக்கும் இடைவெளி சில மில்லிமீட்டர்தான், மின்னல் அதைத் தாண்டும். ரவுட்டரில் இருந்து வரும் செம்புக் கம்பி உள்ள லேன் ஒயரையும் கழற்றுங்கள். பிராட்பேண்ட் ஃபைபராக இருந்தாலும் ரவுட்டரின் அடாப்டர் மின் லைனில்தானே இருக்கிறது. மின்னலாலும் வோல்டேஜாலும் வரும் சேதத்துக்கு சாதாரண வாரன்டி பொறுப்பேற்காது.

இனி அடாப்டர். ஸ்டிக்கரைப் படித்து, ஃபோனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். 19.5 வோல்ட், 3.34 ஆம்பியர் என்றால் 65 வாட். 20 வோல்ட், 2.25 ஆம்பியர் என்றால் 45 வாட். மாற்று வாங்கும்போது வோல்ட்டும் முனையும் பொருந்த வேண்டும், ஆம்பியர் அதே அளவோ கூடுதலோ இருக்கலாம், குறையக் கூடாது. சில பிராண்டுகளில் முனையின் நடுவே ஊசி போல ஒரு மெல்லிய பின் இருக்கும். அடாப்டர் யார் என்று மெஷினுக்குச் சொல்வது அதுதான். அது வளைந்தாலோ, மலிவு டூப்ளிகேட்டில் அந்தச் சிப் இல்லாவிட்டாலோ மெஷின் ஓடும், பேட்டரி ஏறாது, வேகமும் குறையும். டைப் சி சார்ஜர் உள்ள மெஷினில் ஃபோன் சார்ஜரைச் செருகினால் பல நேரம் ஒன்றும் நடக்காது. மெஷின் 20 வோல்ட் கேட்கும், அது 9 வோல்ட்டோடு நின்றுவிடும். 65 வாட்டுக்குக் கேபிளும் 5 ஆம்பியர் தாங்கும் வகையாக இருக்க வேண்டும். கூடவே வந்த கேபிளைப் பத்திரமாக வைத்துக்கொள்வது எளிது. ஒயரைப் பெட்டியின் மேல் இறுக்கிச் சுற்றாதீர்கள். அடாப்டரில் இருந்து ஒயர் வெளிவரும் கழுத்துதான் முதலில் அறும்.

பேட்டரி பற்றி ஊரில் சொல்லப்படும் அறிவுரைகளில் பாதி பழைய மெஷின்களுக்கானவை. 2011 முதல் பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் கிடைத்த அரசு மடிக்கணினிகளில் பேட்டரியைக் கழற்றி வைத்துவிட்டு நேரடிக் கரன்ட்டில் ஓட்டிப் பழகியவர்கள் இங்கே நிறைய. இன்றைய மெஷினில் பேட்டரி உள்ளேயே திருகப்பட்டிருக்கிறது. முதல் நாள் எட்டு மணி நேரம் சார்ஜ் போட வேண்டும் என்பதும் லித்தியம் பேட்டரிக்குப் பொருந்தாது. அதற்குப் பிடிக்காதவை இரண்டு: சூடு, நூறு சதவீதத்திலேயே நாள் கணக்காக நிற்பது. மேசையிலேயே எப்போதும் செருகி வைத்து வேலை செய்பவர் என்றால் நிறுவனத்தின் செயலியில் 80 சதவீதத்தோடு நிறுத்தும் வசதியை முதல் நாளே போட்டுவிடுங்கள். லெனோவோவில் கன்சர்வேஷன் மோடு என்றும், மற்றவற்றில் வேறு பெயரிலும் இருக்கும். சிலவற்றில், விண்டோஸுக்கு முன்பே ஓடும் அடிப்படை மென்பொருளான பயோஸுக்குள் போய்த்தான் மாற்ற முடியும். மாதக்கணக்கில் பயன்படுத்தப் போவதில்லை என்றால் பாதிச் சார்ஜில் அணைத்து, குளிர்ந்த இடத்தில் வையுங்கள்.

டச்பேட் மேலே எழும்புகிறது, அழுத்தினால் சொடுக்கு விழவில்லை, மூடினால் மூலையில் இடைவெளி தெரிகிறது, மேசையில் வைத்தால் ஆடுகிறது: இவற்றில் ஒன்று தெரிந்தாலும் பேட்டரி வீங்கியிருக்கலாம். உடனே அணைத்துச் சார்ஜரை எடுத்துவிடுங்கள். அழுத்தவோ குத்தவோ கூடாது. கழற்றிய பேட்டரியைக் குப்பையிலும் போடக் கூடாது, தீப்பிடிக்கும்.

சூட்டுக்கு வருவோம். தருமபுரியின் கோடையில் சிமென்ட் ஷீட் வீட்டுக்குள் மதியம் மனிதர்களே உட்கார முடியாது. அந்த நேரத்தில் மெத்தையில் வைத்துப் படம் பார்த்தால், அடியில் உள்ள துளைகள் அடைபட்டு பிராசசர் நூறு டிகிரியை நெருங்கும். அது தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைக்கும். புது மெஷின் ஸ்லோ என்று புகார் வருவதில் கணிசமானவை இதுதான். நம்மிடம் இதற்கு வீட்டிலேயே மருந்து உண்டு: கிரானைட் அல்லது கடப்பா கல் பலகை. கல் கெட்டியானது, சமமானது, சூட்டை வாங்கிக்கொள்ளும். அடியில் உள்ள ரப்பர் காலால் கிடைக்கும் சிறு இடைவெளி காற்றுக்குப் போதும்.

தூசு இன்னொரு பாதி. கிரஷர், கல் குவாரி, கிரானைட் பாலிஷ் பட்டறை, மண் ரோடு ஆகியவற்றின் பக்கத்தில் குடியிருப்பவர்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறையும், மற்றவர்கள் ஆறு மாதத்துக்கு ஒருமுறையும் ஃபேன் வழியைப் பார்க்க வேண்டும். மெஷினை அணைத்துவிட்டு, கை ப்ளோயரால் சற்றுத் தள்ளி நின்று விட்டுவிட்டு ஊதுங்கள். ஒரேயடியாக ஊதினால் ஃபேன் தன் வேகத்துக்கு மேல் சுழன்று பேரிங் போகும். டூவீலர் கடைக் கம்ப்ரசர் வேண்டவே வேண்டாம், அதில் தண்ணீரும் ஆயிலும் சேர்ந்து வரும்.

விண்டோஸ் 11 முதல் முறை திறக்கும்போது மைக்ரோசாஃப்ட் கணக்கு கேட்கும். அந்தக் கணக்கை வாங்கிய கடைக்காரரின் மெயிலில் திறக்க விடாதீர்கள். உங்கள் மெயில், உங்கள் பாஸ்வேர்டு. காரணம் இருக்கிறது: பல மெஷின்களில் டிஸ்க் முழுவதும் தானாகவே என்க்ரிப்ட் ஆகிவிடும், அதைத் திறக்கும் 48 இலக்கச் சாவி அந்தக் கணக்கில் சேமிக்கப்படும். நாளைக்கு பயோஸ் அப்டேட்டுக்குப் பிறகோ மதர்போர்டு மாற்றிய பிறகோ நீலத் திரை அந்தச் சாவியைக் கேட்கும். இல்லாவிட்டால் உள்ளே இருப்பதை யாராலும் எடுத்துத் தர முடியாது. முதல் வாரத்திலேயே கணக்கின் சாதனங்கள் பகுதியில் அந்த எண்ணைத் தேடி எடுத்து, நோட்டில் எழுதி பில்லோடு வையுங்கள். பில்லில் உள்ள சீரியல் நம்பரும் மெஷினின் அடியில் உள்ளதும் ஒன்றுதானா என்றும் அப்போதே பாருங்கள். ஆன்சைட் வாரன்டி என்று போட்டிருந்தாலும், அரூருக்கோ அஞ்செட்டிக்கோ ஆள் வருவார்களா என்று உங்கள் பின்கோடைச் சொல்லிக் கேட்டுவிடுவது நல்லது.

முதல் நாள் அப்டேட் சில ஜிபி இழுக்கும். ஃபோன் ஹாட்ஸ்பாட்டில் தினம் ஒன்றரை, இரண்டு ஜிபி பேக் வைத்திருப்பவர்கள், வைஃபை பெயரின் ப்ராப்பர்டீஸுக்குள் போய், டேட்டா செலவைக் கட்டுப்படுத்தும் மீட்டர்டு கனெக்‌ஷனை ஆன் செய்யுங்கள். பிராட்பேண்ட் இருக்கும் வீட்டுக்குப் போகும்போது மட்டும் அணைத்து, சார்ஜரோடு வைத்து, அப்டேட்டை முழுதாக முடிக்க விடுங்கள். பயோஸ் அப்டேட் ஓடும்போது பவர் பட்டனைத் தொடக் கூடாது.

கிராக் செய்த ஆஃபீஸ், ஃபோட்டோஷாப் ‘போட்டுத் தருகிறேன்’ என்பவர்களை மறுத்துவிடுங்கள். அதை ஓட்ட, விண்டோஸோடு வரும் வைரஸ் தடுப்பான டிஃபெண்டரை அணைக்கச் சொல்வார்கள். பூட்டை எடுத்துவிட்டுத்தான் உள்ளே வருகிறார்கள் என்று அர்த்தம். ட்ரையலாக வரும் ஆன்டிவைரஸை நீக்கினாலும் டிஃபெண்டர் தானே பொறுப்பேற்கும், அதுவே போதும். ஜெராக்ஸ் கடைக்குப் பிரின்ட் எடுக்கப் போகும் பென்டிரைவில் வேறெதையும் வைக்காதீர்கள். திரும்பி வந்ததும் ஃபோல்டர்கள் எல்லாம் ஷார்ட்கட்டாகத் தெரிந்தால் எதையும் டபுள் கிளிக் செய்யாமல் ஸ்கேன் போடுங்கள். ‘உங்கள் கம்ப்யூட்டரில் வைரஸ்’ என்று ஃபோன் செய்து, தூரத்தில் இருந்தே உங்கள் மெஷினை இயக்க விடும் எனிடெஸ்க் செயலியைப் போடச் சொன்னால் துண்டித்துவிடுங்கள். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ அழையுங்கள்.

எடுத்துப் போகும்போது மூடியை மட்டும் சாத்திப் பைக்குள் போடுவது கெடுதல். பல புது மெஷின்கள் ஸ்லீப்பிலும் அரை விழிப்பில் இருக்கும். தொப்பூர் கணவாய் தாண்டி சேலம் போய்ச் சேரும்போது பை கொதித்துக்கொண்டிருக்கும், பேட்டரியும் காலியாகியிருக்கும். ஷட் டவுன் செய்யுங்கள், அல்லது பவர் ஆப்ஷனில் மூடியைச் சாத்தினால் ஹைபர்னேட் ஆகும்படி, அதாவது திறந்திருப்பதைச் சேமித்துவிட்டு முழுதாக அணையும்படி மாற்றுங்கள். பைக்கில் போகும்போது பை முதுகில் இருக்கட்டும், பெட்ரோல் டேங்கின் மேல் வேண்டாம். மூடியை மூலையைப் பிடித்துத் திறந்தால் ஒரு பக்கக் கீல் மட்டும் இழுபட்டு பிளாஸ்டிக் விரியும், நடுவில் பிடித்துத் திறக்க வேண்டும். கீபோர்டின் மேல் பேனாவோ பென்டிரைவோ இருக்க மூடினால் டிஸ்ப்ளே போச்சு.

டீ கொட்டிவிட்டால்: சார்ஜரை உருவுங்கள், பவர் பட்டனைப் பத்து விநாடி அழுத்தி அணையுங்கள், மூடியைப் பாதி திறந்து கூடாரம் போலக் கவிழ்த்து வையுங்கள். ஹேர் டிரையர் வேண்டாம், அது ஈரத்தை உள்ளே தள்ளும். அரிசி மூட்டையும் உதவாது. ஆன் ஆகிறதா என்று பார்க்கும் ஆசையை அடக்குங்கள், பெரும்பாலான போர்டுகள் அந்தச் சோதனையில்தான் போகின்றன. பேட்டரி உள்ளேயே இணைந்திருப்பதால், அணைத்த பிறகும் சர்க்கரைத் தண்ணீர் செம்பை அரித்துக்கொண்டிருக்கும். அதனால் காயட்டும் என்று ஒரு வாரம் வைக்காமல், அன்றைக்கோ மறுநாளோ திறந்து பேட்டரியைக் கழற்றிச் சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம் கொடுத்துவிடுங்கள். கொட்டியது பால் டீயா, வெறும் தண்ணீரா, எத்தனை மணிக்கு என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். எங்கே முதலில் பார்க்க வேண்டும் என்பது அவருக்கு அதில்தான் தெரியும்.