காசு போகும், கணக்கில் ஏறாது

இலங்கையில் அரச கட்டணங்களை இணையவழியில் செலுத்தும் கவ்பே (GovPay) தளம் 2025 பெப்ரவரியில் தொடங்கியது. வங்கிச் செயலியால் நேரே அலுவலகத்தின் கணக்குக்கு அனுப்பும் வழக்கமும் இருக்கிறது. திருகோணமலையில் ஆட்கள் இடறுவது இந்த இரண்டாவதில்தான்.

வீடு, காணிக்காக உள்ளூராட்சி சபைக்குக் கட்டும் சோலை வரியை எடுங்கள். ‘குறிப்பு’ என்ற சின்னப் பெட்டியில் மதிப்பீட்டு இலக்கத்தைப் போடவேண்டும். பலர் வீட்டு இலக்கத்தைத் தட்டுவார்கள், அல்லது வெறுமையாக விடுவார்கள். வங்கி அதைச் சரிபார்க்காது, பணம் போய்விடும். சபை இலிகிதருக்குத் தெரிவது திகதியும் தொகையும் மட்டும். 1,500 ரூபா யாருடையது? அடுத்த காலாண்டில் நிலுவை அறிவித்தல் வரும். அன்றே கொடுக்கல் வாங்கல் இலக்கம் தெரியும் பக்கத்தை அச்செடுத்து, பழைய பற்றுச்சீட்டுடன் கொண்டுபோய்க் கொடுங்கள்.

ஒருமுறைக் கடவுச்சொல் வரவில்லையா? பெரும்பாலும் சிம்மை மாற்றிவிட்டு வங்கிக்குச் சொல்லாததுதான். அடையாள அட்டையோடு கிளைக்குப் போனால் சரி.

அலுவலகத்தில் க்யூஆர் குறியீடு ஒட்டியிருந்தாலும் தொகையை நீங்கள்தான் அடிக்கவேண்டும். ஒரு சைபர் கூடினால், மீளப்பெறக் கடிதம் எழுதி அலையவேண்டியதுதான்.

கிண்ணியாவில் மீன் விற்றவரின் கையில் இருப்பது காசு. அதை வங்கியில் போட்டபிறகே செயலி உதவும். ஒரு வரிசை இரண்டாகிறது. அவர் ஏன் மாறவேண்டும்?