சிவப்பு மை மேலே ஏறுவதில்லை

பிழையைப் பார்த்து எரிச்சல்படுவதற்குச் சம்பளம் வாங்குகிறவள் நான். ஒரு பதிப்பகத்தில் புரூஃப் பார்ப்பவளாகச் சேர்ந்தேன். அப்புறம் விளம்பரம், செயலி, பயனர் கையேடு என்று எல்லாவற்றுக்கும் தமிழ் எழுதித் தருகிற ஓர் அலுவலகத்துக்கு வந்தேன். வெளியே போகும் எதையும் கடைசியாக ஒரு தடவை பார்த்து அனுப்புவது என் பொறுப்பு. இந்த வேலையில் கொஞ்ச காலம் இருந்தாலே கண்ணுக்குத் தனியாக ஒரு புத்தி முளைத்துவிடும். யாராவது ஆசையாக அழைப்பிதழை நீட்டினால், மணமக்களின் பெயருக்கு முன்னால் விட்டுப்போன ‘ப்’ கண்ணில் படும். இரங்கல் செய்தியைக்கூட நேராகப் படித்து வருத்தப்பட முடிவதில்லை. இடையில் ஒரு ஒருமை பன்மை மயக்கம் வந்து நிற்கும்.

எல்லா எரிச்சலும் ஒரே ரகம் இல்லை. சில பிழைகள் சிரிக்க வைக்கும். ‘தடங்கலுக்கு வருந்துகிறோம்’ என்று போட வேண்டிய இடத்தில் ‘தடங்களுக்கு வருந்துகிறோம்’ என்று வந்தால், யாரோ கால் சுவடு பதித்துவிட்டு மன்னிப்புக் கேட்கிறார்கள் என்று ஆகிவிடுகிறது. ‘பெயர் பொரித்த கேடயம்’ என்று ஒரு விழாக் குறிப்பில் பார்த்தேன். எந்த எண்ணெயில் பொரித்தார்களோ. இன்னும் சில பிழைகளில் சிரிப்பு வராது. ‘அறை வாடகை’ என்பது ‘அரை வாடகை’ ஆகிவிட்டால் பணத் தகராறு வரும். இந்த இரண்டு ரகத்தையும் திருத்துவதில் யாருக்கும் கருத்து வேறுபாடு கிடையாது. எழுதியவரே சிரித்துக்கொண்டு மாற்றிவிடுவார்.

சண்டை வருவது மூன்றாவது ரகத்தில். பொருள் கெடாது, காது மட்டும் கெடும். ‘சுவற்றில்’ என்று எழுதுகிறார்கள். கிணறு ‘று’வில் முடிவதால் கிணற்றில் என்றாகும், சுவர் ‘ர்’ரில் முடிவதால் சுவரில்தான். ‘முயற்சித்தார்’ என்கிறார்கள். முயல் என்ற வினையிலிருந்து பிறந்த பெயர் முயற்சி. அந்தப் பெயரை மறுபடியும் இழுத்து வந்து வினையாக்குவானேன்? பயில் என்பதிலிருந்து பயிற்சி வந்தது, யாரும் ‘பயிற்சித்தார்’ என்று சொல்வதில்லை. பதற்றம் ‘பதட்டம்’ ஆவதும், முந்நூறு ‘முன்னூறு’ ஆவதும், பன்னிரண்டு ‘பன்னிரெண்டு’ ஆவதும் இதே கூட்டம். இவற்றைப் படிக்கிற யாரும் தவறாகப் புரிந்துகொள்ளப் போவதில்லை. ஆனாலும் எனக்கு உள்ளே ஏதோ உரசும். அந்த உரசலுக்கு எவ்வளவு மரியாதை தருவது என்பதுதான் கேள்வி.

உரசல் தப்பில்லை என்றுதான் நினைக்கிறேன். ஒரு மொழியைப் பழகப் பழக அதன் கட்டுமானம் காதில் ஏறிவிடுகிறது. அது கலையும்போது தெரியத்தான் செய்யும். அந்த உரசலை உடனே எடுத்துக்கொண்டுபோய் இன்னொருவர் தலையில் இறக்கலாமா என்பது வேறு விஷயம். எங்கள் அலுவலகத்தில் ஒரு சீனியர் இருந்தார். இலக்கணம் கரைத்துக் குடித்தவர், அதில் சந்தேகமே இல்லை. புதிதாக வேலைக்கு வந்த ஒரு பெண் முதல் வாரமே ஒரு வரைவைக் குழுவில் போட்டாள். அவர் அதைப் படம் பிடித்து, சிவப்பு வட்டங்கள் போட்டு, அதே குழுவில் திருப்பிப் போட்டார். ‘இந்த’க்குப் பிறகு வர வேண்டிய ஒற்று விட்டுப்போயிருந்தது, ‘ஐ’ உருபுக்குப் பிறகும் அப்படியே. வட்டங்கள் எல்லாமே சரியானவை. கீழே ஒரு வரி: ‘தமிழ் படித்தவர்தானே?’

அடுத்த வாரத்திலிருந்து அவள் கண்ட இடத்தில் எல்லாம் ஒற்றுப் போட ஆரம்பித்தாள். ‘வந்துப் போனார்’, ‘செய்துக் கொடுத்தார்’. அதற்கும் வட்டம் விழுந்தது. ‘படித்துப் பார்த்தார்’ என்பதில் ஒற்று வருகிறது, ‘வந்து போனார்’ என்பதில் ஏன் வரவில்லை என்று யாரும் அவளுக்குச் சொல்லவில்லை. முன்னதில் ‘து’வுக்கு முன்னால் வல்லின மெய், பின்னதில் மெல்லின மெய், அவ்வளவுதான். ‘படிக்காத பையன்’ என்றால் ஒற்று இல்லை, கடைசி எழுத்து விழுந்து ‘படிக்காப் பையன்’ என்றானால் உண்டு. காரணத்தோடு கேட்டால் இவை மனத்தில் நிற்கும். வட்டமாக மட்டும் வந்தால் ஒவ்வொன்றும் தனித்தனிக் குற்றமாகத்தான் தெரியும்.

அப்புறம் நடந்ததுதான் என்னை யோசிக்க வைத்தது. அவளுடைய பிழைகள் குறைந்துகொண்டே வந்தன. சீனியருக்குத் திருப்தி. நான் கடைசிப் பார்வைக்கு எடுத்தபோதுதான் கவனித்தேன், வாக்கியங்களும் குறுகிக்கொண்டே வந்திருந்தன. சந்தேகம் வரக்கூடிய சொல் எதையும் அவள் பக்கத்தில் சேர்ப்பதில்லை. க, ச, த, ப-வில் தொடங்கும் சொல் இரண்டாவதாக வராதபடி வாக்கியத்தையே வளைத்து எழுதியிருந்தாள். முதல் வரைவில் பிழைகளுக்கு நடுவே ஒரு துள்ளல் இருந்தது. விளம்பர வரி எழுதுவதற்கு அவளை எடுத்ததே அந்தத் துள்ளலுக்காகத்தான். இப்போது ஒரு பிழையும் இல்லாத, யாரும் இரண்டாவது முறை படிக்கத் தேவையில்லாத வரிகள் வந்தன.

இதே காலத்தில் மேலிடத்திலிருந்து ஆண்டு நிறைவு மடல் வந்தது. ‘உங்கள் ஒவ்வொருவர்களுக்கும் நன்றி’ என்று தொடங்கி, ‘நம் இலக்குகள் அனைத்தும் எட்டப்பட்டது’ என்று முடிந்திருந்தது. கீழே வரிசையாகக் கைதட்டல், பூங்கொத்து, இதயம். முதலில் கும்பிடு போட்டவர் அந்தச் சீனியர்தான். அவர் கண்ணுக்கு அந்தப் பிழைகள் தெரியாமல் போயிருக்க வாய்ப்பே இல்லை. நானும் கைதட்டல் பொம்மையை அழுத்திவிட்டு என் வேலையைப் பார்த்தேன். அப்போதுதான் எனக்கு உறைத்தது: இந்த அலுவலகத்தில் திருத்தம் என்பது எப்போதும் மேலிருந்து கீழேதான் வழிகிறது. பயிற்சிக்கு வந்தவரின் ஒற்று, தட்டச்சு செய்பவரின் றகரம், வரவேற்பில் இருப்பவர் ஒட்டிய அறிவிப்பு, இவற்றில்தான் எங்கள் மொழிப்பற்று பொங்குகிறது. சம்பளப் பட்டியலில் மேலே போகப் போக எல்லாருக்கும் தமிழ் சரியாக வந்துவிடுகிறது.

திருத்துவது நியாயமா என்று கேட்கும்போது நாம் வழக்கமாக அந்தத் திருத்தம் சரியா என்று மட்டும்தான் பார்க்கிறோம். சீனியரின் வட்டங்கள் நூற்றுக்கு நூறு சரி. அதே மனிதர் மடலுக்குக் கும்பிடு போட்டதைப் பார்த்த பிறகு, அந்த வட்டங்களைத் தமிழுக்காகப் போட்டார் என்று என்னால் நம்ப முடியவில்லை.

இதைச் சொன்னால் உடனே ஒருவர் ‘பழையன கழிதலும் புதியன புகுதலும்’ என்று ஆரம்பித்துவிடுவார். நன்னூலில் எல்லாருக்கும் தெரிந்த ஒரே நூற்பா அதுவாகத்தான் இருக்கும். மொழி மாறும், விட்டுவிடுங்கள் என்பார்கள். அந்த நூற்பாவின் அடுத்த அடி ‘வழுவல கால வகையினானே’ என்று காலத்தைச் சொல்கிறது. சாயங்காலம் அவசரத்தில் தட்டிவிட்ட சுற்றறிக்கைக்கு அதைச் சாட்சிக்கு இழுப்பது கொஞ்சம் அதிகம்.

ஆனாலும் மொழி மாறியிருக்கிறது என்பது உண்மை, அதுவும் நாம் நினைக்காத இடங்களில். ஒரே ஒருவரை ‘அவர் வந்தார்’ என்று மரியாதையாகப் பன்மையில் சொல்வதை எடுத்துக்கொள்ளுங்கள். அது வழக்கில் வந்த உயர்சொல், இலக்கணப்படி அது சொல்லும் முறை அல்ல என்று தொல்காப்பியம் எழுதி வைத்திருக்கிறது. இன்று மேலதிகாரியைப் பற்றி இலக்கணப்படி ‘அவன் வந்தான்’ என்று எழுதிப் பாருங்கள், தெரியும். மரியாதை தேய்ந்துபோய் ‘அவர்கள்’ என்று இன்னொரு பன்மையையும் மேலே ஏற்றிக்கொண்டோம். ‘மரங்கள் விழுந்தது’ என்ற பிழையும் அப்படித்தான். பழைய தமிழில் ‘மரம் விழுந்தன’ என்றாலே போதும், பன்மையை வினை சுமந்துகொள்ளும். இப்போதைய பேச்சில் ‘கள்’ பெயரோடு ஒட்டிக்கொண்டு, வினை சும்மா இருந்துவிடுகிறது. இரண்டிலும் பன்மை ஓரிடத்தில்தான் இருக்கிறது. எழுத்துத் தமிழ்தான் இரண்டு இடத்திலும் வேண்டும் என்கிறது. நான் ‘விழுந்தன’ என்று திருத்தத்தான் செய்கிறேன். ஆனால் அப்படி எழுதியவருக்கு மூளை இல்லை என்று இப்போதெல்லாம் நினைப்பதில்லை.

எழுத்துகளின் கதையும் அதுதான். ஓலைச்சுவடிகளில் பெரும்பாலும் மெய்க்குப் புள்ளியே இருக்காது. ‘கெ’யும் ‘கே’யும் பார்க்க ஒன்றுபோல இருக்கும். 18ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர்தான் அந்தக் குறில் நெடில் வேறுபாட்டுக்கு இன்றைய கொம்பைக் கொடுத்தார். 1978இல் அரசாணை வரும்வரை துதிக்கை வைத்த ‘லை’யும் ‘னை’யும்தான் பள்ளிக்கூடத்தில் சரி. இன்று நாம் எழுதுகிற வடிவத்தை அன்று பரீட்சையில் எழுதியிருந்தால் மதிப்பெண் போயிருக்கும்.

இன்றைக்கு நான் பார்க்கும் பிழைகளில் பெரும் பங்கு அறியாமையால் வருவதும் இல்லை. கைப்பேசியில் ஆங்கில எழுத்தைத் தட்டித் தமிழ் வரவழைக்கிறவர்கள் ஷிப்ட்டை அழுத்த மறந்தால் பல விசைப்பலகைகளில் ‘ற’ போய் ‘ர’ வந்துவிடும், ‘ண’ போய் ‘ன’ வந்துவிடும். ‘ஔவை’ என்று தட்ட வேண்டியதை ‘ஒ’, ‘ள’ என்று இரண்டு எழுத்தாகத் தட்டிவிடுவார்கள். திரையில் வித்தியாசமே தெரியாது, எனக்கும் தெரியாது. தேடினால் மட்டும் கிடைக்காது. மனிதக் கண்ணை விடக் கணினி கறாராக இருக்கும் பிழை அது. இதைத் திருத்தும்போது மட்டும் யாரும் கோபித்துக்கொண்டதே இல்லை. தப்புக்குத் தான் காரணம் இல்லை என்று தெரிந்தால் திருத்தம் வலிப்பதில்லை போல.

நிபுணர்களே ஒத்துப்போகாத இடங்களும் உண்டு. ‘வாழ்த்துகள்’தான் சரி, ‘க்’ போட்டால் வாழ்த்தோடு கள்ளும் சேர்ந்துவிடும் என்பார்கள். ‘நாள்கள்’தான் சரி, ‘நாட்கள்’ என்றால் நாள்பட்ட கள் என்பார்கள். இரண்டுக்கும் மறுப்புச் சொல்கிற புலவர்களும் இருக்கிறார்கள். தமிழ் இலக்கணச் சண்டை எங்கே தொடங்கினாலும் கள்ளில்தான் முடியும் என்று எங்கள் வடிவமைப்பாளர் கிண்டல் செய்வார். இப்படிப்பட்ட இடங்களில் அலுவலகத்துக்கென்று ஒன்றை முடிவு செய்து அதைப் பிடித்துக்கொள்வதுதான் வழி. அதை ஒழுக்கப் பிரச்சினை ஆக்குவது வீண்.

இதையெல்லாம் யோசித்துத்தான் எனக்கு ஒரு நடைமுறை வைத்துக்கொண்டேன். நிறுவனத்தின் பெயரில் வெளியே போகிற எதையும், யார் எழுதியிருந்தாலும், கேட்காமல் திருத்துவேன். அது படிக்கப் போகிறவருக்கு நான் பட்ட கடன். குழுவில் யாராவது விடுப்புக் கேட்டு எழுதினாலோ, குழந்தை பிறந்த சேதி போட்டாலோ வாயைத் திறக்கமாட்டேன். இடைப்பட்டவற்றுக்கு ஒரு சோதனை: இதே பிழையை மேலிடம் செய்திருந்தால் போய்ச் சொல்வேனா? சொல்லமாட்டேன் என்றால் கீழே இருப்பவரிடமும் சொல்வதில்லை. அந்தப் பெண்ணிடம் தனியாக உட்கார்ந்து ஒற்றுக்கான காரணங்களைப் பேசினேன். ‘அக்கா, இதை முதல் நாளே சொல்லியிருக்கலாமே’ என்றாள். பழைய துள்ளல் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் திரும்பியது. முழுதாகத் திரும்பிவிட்டது என்று சொல்லமாட்டேன்.

சோதனை என்று வைத்த பிறகு மேலேயும் ஒருமுறை போய்த்தானே ஆக வேண்டும்? அடுத்த ஆண்டு நிறைவு மடல் வருவதற்குச் சில நாள் முன்பு மேலாளரிடம் போய், ‘சார், மடலை அனுப்புவதற்கு முன்னால் எனக்கு ஒரு தடவை காட்டுகிறீர்களா? போன தடவை ஓரிரு இடம் இடறியது’ என்றேன். அவர் கோபப்படவில்லை. ‘அப்படியா, நல்லவேளை சொன்னீர்கள்’ என்றார். எந்த இடம் என்று கேட்டுக் குறித்துக்கொண்டார். ‘எட்டப்பட்டன’ என்று இரண்டு தடவை சொல்லியும் பார்த்தார். எனக்குப் பெரிய நிம்மதி.

மடல் எனக்குக் காட்டப்படாமலே வந்தது. முழுக்க ஆங்கிலத்தில். கீழே வழக்கம்போலக் கைதட்டல், பூங்கொத்து, இதயம். இரண்டாவது பத்தியில் எழுவாய் ஒருமை, வினை பன்மை. அந்தப் பெண் என் பக்கம் திரும்பி, ‘அக்கா, இதையும் போய்ச் சொல்வீங்களா?’ என்று கேட்டாள்.

‘ஆங்கிலத்துக்கு எனக்குச் சம்பளம் இல்லை’ என்றேன்.