தராசுக்குப் பக்கத்தில் யார் நிற்பது?

எங்கள் அம்மா இலங்கை மலையகத்தில், தலவாக்கலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்துத்தான் எங்களைப் படிக்க வைத்தார். அவருடைய சம்பளச் சிட்டையில் சேமலாப நிதி, தீபாவளி முற்பணம், தேயிலைத்தூள் என்று கழிவுகள் வரிசையாக வரும். அதற்குள் தொழிற்சங்கச் சந்தாவும் இருக்கும். சந்தாவை மட்டும் அவர் குறை சொன்னதே இல்லை. "சங்கம் இல்லாட்டி துரைகிட்ட யாரு போய்க் கேக்குறது?" என்பார்.

அந்த நம்பிக்கைக்குக் காரணம் உண்டு. 1931இல் கோ. நடேசய்யர் அட்டனில் தொழிலாளர் சம்மேளனம் தொடங்கிய காலத்தில், அவர் மனைவி மீனாட்சியம்மாள் கூட்டங்களில் பாட்டுப் பாடித்தான் சனத்தைத் திரட்டினார். 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டப் போராட்டத்தில் பொலிஸ் சுட்டு தொழிலாளி கோவிந்தன் இறந்தார். 1977இல் டெவன் தோட்டத்தில், காணி பறிபோவதைத் தடுக்கப் போய் சிவனு லெட்சுமணன் உயிரை விட்டார். 1984 வேலைநிறுத்தத்துக்குப் பிறகுதான் பெண்ணுக்கும் ஆணுக்கும் ஒரே நாட்சம்பளம் கிடைத்தது. எங்கள் அம்மாயிக்கு அது கடைசிவரை கிடைக்கவில்லை.

சரி, இன்றைக்கு என்ன நடக்கிறது? நாட்சம்பளம் பற்றி கொழும்பில் பேசுகிறார்கள், வர்த்தமானி வருகிறது. ஆனால் அந்தச் சம்பளம் கைக்கு வருமா வராதா என்பதைத் தீர்மானிப்பது மலையில் கொழுந்து நிறுக்கும் தராசு. சாக்குக்கு ஒரு கழிவு, மழை பெய்தால் தண்ணிக்கு ஒரு கழிவு. குறித்த கிலோ வரவில்லையென்றால் அரைப் பேர், அதாவது அரைநாள் சம்பளம்தான். அம்மா பறித்ததற்கும் நிறுவைத் துண்டில் எழுதியதற்கும் வித்தியாசம் இல்லாத நாளை நான் பார்த்ததில்லை.

இதைத் தட்டிக்கேட்க வேண்டிய, சங்கத்தின் தோட்டத் தலைவர் பெரும்பாலும் ஆண். கவ்வாத்தோ (தேயிலைச் செடி வெட்டுவது) புல்வெட்டோ முடித்து மத்தியானமே லயத்து வீட்டுக்குப் போய்விடுவார். அந்தி நிறுவைக்கு நிற்பது பெண்கள் மட்டும்தான். அட்டை கடித்த காலோடு, இடுப்பில் கட்டிய ஈரப் படங்கோடு, பிள்ளைக் காம்பராவில் விட்ட குழந்தையை நினைத்துக்கொண்டு நிற்பவர் கணக்கப்பிள்ளையோடு தனியாக எப்படி வாதாடுவார்? சந்தா கட்டுவதில் பெரும்பங்கு இவர்களுடையது. இவர்களுக்குக் கொடுப்பதோ மாதர் சங்கத் தலைவி என்ற பதவி, மே தின ஊர்வலத்தில் முன்வரிசை.

எனக்கு இது பொறுக்கவில்லை. அடுத்த கமிட்டித் தெரிவில் கொழுந்து பறிக்கிற ஒரு அக்காவைத் தோட்டத் தலைவராகவே போடுங்கள். அந்தி நிறுவையில் அவர் துண்டைப் பார்த்துச் சரி சொன்ன பிறகுதான் கொழுந்து லொறியில் ஏற வேண்டும்.