புதுப் பேனா

தெப்பக்குளத்துப் படியில உக்காந்து மைய மண்டபத்தை வரைஞ்சிட்டிருந்தப்ப டேப்லெட் பேனா நழுவி, தலைகீழாக் கருங்கல்லுல விழுந்துச்சு. நிப்பு உள்ள போயி சிக்கிக்கிருச்சு. இப்ப ஸ்க்ரீனைத் தொடுறதுக்கு முன்னாடியே கோடு விழுது. மனசே ஆறல.

டவுன்ஹால் ரோட்டுக் கடையில, "எல்லாத்துக்கும் ஆகும்ணே"ன்னு ரப்பர் முனைப் பேனாவை நீட்டுனாங்க. அது விரல் மாதிரிதான், அழுத்தம் தெரியாது. கோபுரத்து யாளிக்குப் புருவம் வரைஞ்சா மெலிசாத் தொடங்கி தடிச்சு முடியணுமே!

என்னோடது சாம்சங் டேப் எஸ்6 லைட். அதுக்கு இஎம்ஆர்ங்கிற மின்காந்த முறைப் பேனாதான் சேரும். பேட்டரி கிடையாது, ஸ்க்ரீன்ல இருந்தே மின்சாரம் எடுத்துக்கும். ஐபேடுக்குத் தேடுறவங்களும் பாத்து வாங்குங்க: 2023ல வந்த யுஎஸ்பி-சி ஆப்பிள் பென்சில்ல அழுத்த உணர்வு இல்ல.

சாம்சங்கோட சொந்த இஎம்ஆர் பேனாவான எஸ் பென்னுக்கே ஆர்டர் போட்டுட்டேன். கூடவே மாத்து நிப்பும். மண்டபம் பாதியில நிக்குது.