உனக்கு என்ன குறை?

எனக்கு மனச்சோர்வு என்று தெரிந்ததும் வீட்டில் ஆளுக்கு ஒரு காரணம் தேடினார்கள். கடன் கிடன் வாங்கியிருக்கிறாயா என்று அண்ணன் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார். அம்மா ஜாதகத்தைத் தூக்கிக்கொண்டு போனார். "நிரந்தர வேலை, சொந்த வீடு, உனக்கு என்ன குறை?" என்றார் மாமா. என்னிடம் பதில் இல்லை.

அழுகைகூட வரவில்லை என்பதுதான் வேடிக்கை. விடியற்காலை மூன்று மணிக்கே விழிப்பு வந்துவிடும்; பிறகு தூக்கம் கிடையாது. காலைப் பொழுது பெரும் பாரம், மாலையில் கொஞ்சம் தேவலாம். ரசத்தில் உப்பே இல்லை என்று பிள்ளைகள் முகம் சுளித்த நாளில் நான் அதை ஊற்றிச் சாப்பிட்டு முடித்திருந்தேன். வயிற்று உப்புசம், கழுத்து வலி என்றுதான் மருத்துவரிடம் போனேன். ஸ்கேனில் ஒன்றும் இல்லை. தூக்கத்தைப் பற்றி விசாரித்துவிட்டு, அவரே அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தார்.

அங்கே ஒன்பது கேள்விகள் கொண்ட ஒரு தாள். கடந்த இரண்டு வாரங்களில் எதிலும் நாட்டமில்லாமல் இருந்ததா, பசி, தூக்கம், கவனம் எப்படி என்று ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண், மொத்தம் 27; கூடக் கூடப் பாதிப்பும் அதிகம். எனக்கு 16. செத்துப்போனால் நல்லது என்ற நினைப்பு வருகிறதா என்பது கடைசிக் கேள்வி. சர்க்கரை இருக்கிறதா என்று விசாரிக்கும் அதே குரலில் மருத்துவர் அதையும் கேட்டார். சில நாள் வருகிறது என்றேன். மனைவியிடம்கூடச் சொல்லாத விஷயம். கேட்டால் அந்த எண்ணத்தைக் கிளறிவிட்டதாகிவிடும் என்று பலர் தயங்குகிறார்கள். எனக்கோ அப்போதுதான் மூச்சு சீரானது.

தைராய்டு, ஹீமோகுளோபின், பி12 பரிசோதனைகள் எழுதினார். தைராய்டு சுரப்பு குறைந்தாலும் இதே சோர்வு வருமாம். எல்லாம் சரியாக இருந்தன. ஒற்றைக் காரணம் எல்லோருக்கும் கிடைக்காது, பரம்பரை, நீண்டநாள் மன அழுத்தம், உடல்நோய் எனப் பலவும் சேர்ந்து வரலாம் என்றார். குடும்பத்தில் யாருக்காவது இருந்ததா என்று அவர் கேட்டபோது சித்தப்பா நினைவுக்கு வந்தார். மாதக்கணக்கில் திண்ணையில் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பார். ஊரே அவருக்குச் சோம்பேறிப் பட்டம் கட்டியிருந்தது. அப்பாவின் நோய்க்காலம் முழுக்க நான் இரவில் கண்விழித்ததையும் மருத்துவர் குறித்துக்கொண்டார்.

மனச்சோர்வுக்கான செர்ட்ராலின் மாத்திரை எழுதிக் கொடுத்தார். முதல் வாரம் குமட்டல் மட்டுமே பலன்! குணம் தெரிய சில வாரங்கள் ஆகும் என்று முன்கூட்டியே சொல்லியிருந்ததால் பொறுத்துக்கொண்டேன். "தூக்க மாத்திரைக்கு அடிமையாகிவிடுவாய்" என்று மாமா பயமுறுத்தினார். இது தூக்க மாத்திரையும் அல்ல, அடிமைப்படுத்துவதும் அல்ல. ஆனால் திடீரென நிறுத்தினால் தலைசுற்றல், எரிச்சல் வரலாம். தேறிய பிறகும் குறைந்தது ஆறு மாதம் தொடர வேண்டும். நான் இப்போது அந்தக் கட்டத்தில் இருக்கிறேன்.

உளவியல் ஆலோசகர் கொடுத்த வேலை அற்பமாகத் தோன்றியது: தெருமுனை வரை நடந்துபோய்க் கீரை வாங்கி வர வேண்டும். மனம் வரட்டும் என்று காத்திருக்காமல், பிடிக்காவிட்டாலும் போக வேண்டும். கீரைக்காரம்மா எடை போடும்போது பேரம் பேசினேன். யாரிடமாவது எதற்காகவாவது வாயாடி வெகுநாள் ஆகியிருந்தது.

மருத்துவமனைக்குப் போகத் தயங்குபவர்கள் 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் (அரசின் மனநலத் தொலைபேசி உதவி) முதலில் பேசலாம். இலவசம், எந்நேரமும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம்.