என் கோப்பு எண்ணைத் தேடிப் போன கதை

1998இல் எனக்கு ஏழு வயது. கடும் நிணநீர் ரத்தப் புற்றுநோய் என்றார்கள். சென்னையில் இரண்டரை ஆண்டுகள் சிகிச்சை நடந்து 2001இல் முடிந்தது. நோய் பிறகு திரும்பவேயில்லை.

2022இல் வேலையை விட்டுவிட்டு, தஞ்சாவூரில் தையல் கடை தொடங்கினேன். வேலையில் இருந்தவரை நிறுவனத்தின் குழுக் காப்பீடு இருந்தது. என் பழைய நோயைப் பற்றி யாரும் கேட்டதில்லை. தனியாக பாலிசி எடுக்கப் போனபோது, ஒரு நிறுவனம் தொலைபேசியிலேயே மறுத்தது. இன்னொன்று ஒரே வரியில் கடிதம் அனுப்பியது. மூன்றாவது இடத்தில், புற்றுநோயை நிரந்தரமாக விலக்கினால் தருகிறோம் என்றார்கள். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் 2019 வழிகாட்டுதல் அதற்கு இடம் கொடுத்திருந்தது. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்துக்கு எங்கள் வருமானம் கூடுதல். இரண்டு ஆண்டுகள் எந்தக் காப்பீடும் இல்லாமல் கழிந்தன.

2024 ஏப்ரலில் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் புதிய விதிகள் நடைமுறைக்கு வந்தன. எல்லா வயதினருக்கும், ஏற்கனவே நோய் உள்ளவர்களுக்கும் ஏற்ற பாலிசிகளை நிறுவனங்கள் வைத்திருக்க வேண்டும் என்றன. ஏற்கனவே உள்ள நோய்க்குக் காப்பீட்டுத் தொகை கேட்க முடியாத காத்திருப்புக் காலத்தின் உச்சவரம்பு 48 மாதங்களிலிருந்து 36 ஆகக் குறைந்தது. என்னைத் தூங்கவிடாமல் செய்தது வேறொரு வரி. பாலிசி தொடங்குவதற்கு முந்தைய 36 மாதங்களுக்குள் கண்டறியப்பட்டதோ, சிகிச்சையோ மருத்துவ ஆலோசனையோ பெறப்பட்டதோதான் 'ஏற்கனவே உள்ள நோய்'. என் சிகிச்சை முடிந்து 23 ஆண்டுகள் ஆகியிருந்தன!

முகவர் ஒருவர், "இதைப் படிவத்தில் எழுதவே வேண்டாம் அக்கா. ஐந்து ஆண்டுகள் பிரீமியம் கட்டிவிட்டால் யாரும் கேட்க முடியாது" என்றார். என் மேல் அக்கறை கொண்டுதான் சொன்னார். அந்த ஐந்தாண்டு விதியும் உண்மைதான். முன்பு அது எட்டு ஆண்டுகள். ஆனால் மோசடி என்று நிரூபித்துவிட்டால் அந்த விதி காப்பாற்றாது. அதைவிட, வார்டின் தரையில் அம்மா படுத்துக் கிடந்த இரவுகளை 'இல்லை' என்று எழுத எனக்குக் கை வரவில்லை.

ஆதாரம் வேண்டும். மருத்துவமனையின் ஆவணப் பிரிவில் கோப்பு எண்ணைக் கேட்டார்கள். அம்மாவின் பீரோவில், புடவைகளுக்கு அடியில் என் பழைய சீட்டு இருந்தது. எண் பாதி அழிந்திருந்தது. அங்கிருந்த ஊழியர் சலிக்காமல் பழைய பதிவேடுகளைப் புரட்டினார். நான்காம் நாள் கோப்பு கிடைத்தது. மருத்துவர் ஒரு பக்கச் சிகிச்சைச் சுருக்கம் எழுதிக் கொடுத்தார்: எந்தெந்த மருந்துகள், தலைக்குக் கதிர்வீச்சு தந்தார்களா, டாக்ஸோரூபிசின் என்ற புற்றுநோய் மருந்து மொத்தம் எவ்வளவு ஏறியது. அந்த மொத்த அளவைப் பொறுத்துத்தான் பல ஆண்டுகள் கழித்து இதயத்துக்கு வரக்கூடிய ஆபத்தைக் கணிக்கிறார்கள். என் உடம்பில் என்ன ஏறியது என்பதை 33 வயதில்தான் முதன்முதலாகப் படித்தேன். குழந்தைப் பருவத்தில் புற்றுநோயிலிருந்து மீண்ட ஒவ்வொருவரும் இந்தப் பக்கத்தை இன்றே கேட்டு வாங்க வேண்டும். பாலிசி எடுக்காவிட்டாலும் இது வேண்டும்.

ஆகஸ்டில் எல்லாவற்றையும் எழுதி விண்ணப்பித்தேன். ரத்தப் புற்றுநோய்க்கு 36 மாதக் காத்திருப்பு, பிரீமியத்தில் 50 சதவீதம் கூடுதல் என்று பதில் வந்தது. காரணத்தை எழுத்தில் கேட்டேன். நான் ஆண்டுதோறும் மருத்துவரைப் பார்த்து எக்கோ (இதய ஸ்கேன்) எடுக்கிறேன், அது 'மருத்துவ ஆலோசனை' என்றார்கள். அன்று நான் அழுதுவிட்டேன். உடம்பைப் பொறுப்பாகப் பார்த்துக்கொண்டதையே எனக்கு எதிராகத் திருப்பியிருந்தார்கள்.

மருத்துவர் இன்னொரு கடிதம் கொடுத்தார்: எக்கோ எடுப்பது பழைய மருந்தின் பின்விளைவைக் கவனிக்க. ரத்தப் புற்றுநோய்க்கு 2001க்குப் பின் சிகிச்சையோ ஆலோசனையோ இல்லை. அதை இணைத்து நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதினேன். தீரவில்லை என்றால் ஒழுங்குமுறை ஆணையத்தின் 'பீமா பரோசா' புகார் தளத்தில் புகார் பதிவு செய்வேன் என்றும் குறிப்பிட்டேன். பதினோராம் நாள் பதில் வந்தது. ரத்தப் புற்றுநோய்க்கான காத்திருப்பை நீக்கிவிட்டார்கள். இதய நோய்களுக்கு 36 மாதங்கள் அப்படியே நின்றது. கூடுதல் தொகை 25 சதவீதமானது.

ஒப்புக்கொண்டேன். ஆனாலும் அந்த 25 சதவீதம் எனக்கு நியாயமாகப் படவில்லை. கதவைத் திறக்கச் சொன்ன விதி, உள்ளே நுழைய எவ்வளவு கேட்கலாம் என்பதை நிறுவனத்திடமே விட்டுவிட்டது. 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் மருத்துவக் காப்பீட்டுக்கு 18 சதவீத ஜிஎஸ்டி நீங்கியதால், அக்டோபரில் பாலிசியைப் புதுப்பித்தபோது சற்று மூச்சுவிட முடிந்தது.

ஆண்டுப் பரிசோதனையை நிறுத்திவிட்டால் அடுத்த முறை படிவம் சிக்கலில்லாமல் இருக்கும் என்று உறவினர் ஒருவர் சொன்னார். ஜனவரியில் எக்கோவுக்கு நாள் வாங்கியிருக்கிறேன்.