ஹெட்டருக்கு ராப் சுற்றியும் பார்த்தாச்சு, தகடு கட்டியும் பார்த்தாச்சு

ஹெட்டருக்கு மேல் கட்டிய தகட்டின் சத்தம் ஒருவழியாக நின்றுவிட்டது. என் மாருதி எஸ்டீம் காரில் ஏறுகிறவர்கள் “டேஷ்போர்டுக்குள்ள சில்லறை ஏதும் கிடக்குதா?” என்று கேட்பதும் நின்றது. ஹெட்டரின் (இன்ஜின் புகையை வெளியே கொண்டுபோகிற குழாய்த் தொகுப்பு) சூட்டை அடக்க ராப் (சூடு தாங்கும் நாடா) சுற்றுவதா, ஹீட் ஷீல்டு (சூட்டைத் தடுக்கும் தகடு) போடுவதா என்று மணிக்கணக்கில் அடித்துக்கொள்கிற நம்மாட்கள் யாரும் இந்தச் சத்தத்தைப் பற்றி வாயே திறப்பதில்லை, எல்லாம் டிகிரிக் கணக்குதான். வெப்பத்தை அடக்குவது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. தகட்டை அடக்குவதற்குள்தான் தாவு தீர்ந்துபோகிறது.

வண்டி 1.3 லிட்டர் ஜி13 இன்ஜின் போட்ட எஸ்டீம். 304 ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் 4-2-1 ஹெட்டர் (நாலு குழாய் ரெண்டாகி, ரெண்டும் ஒன்றாகச் சேர்வது) எப்போதோ ஏறிவிட்டது, அந்தக் கதை வேண்டாம். ஹெட்டருக்கு முன்னால் அந்த இடத்தில் இருந்த கம்பெனி மேனிபோல்டோடு வந்த தகடு ஹெட்டர் மேல் எப்படித் திருப்பினாலும் உட்காராது, எல்லோரையும் போல நானும் அதைக் கழற்றி மூலையில் போட்டேன். சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது. இந்த இன்ஜினில் புகை வெளியேறுகிற எக்ஸாஸ்ட் முன்பக்கம், ரேடியேட்டரைப் பார்த்தபடி இருக்கிறது, காற்று உள்ளே போகிற இன்டேக் பின்பக்கம். ரேடியேட்டரைத் தாண்டி வருகிற காற்று ஏற்கெனவே சூடு, அது மூடாத நாலு குழாயையும் தடவிக்கொண்டு இன்ஜினுக்கு மேலாகப் பின்னால் போகிறது. மே மாதம் அண்ணா சாலையில் ரெண்டு சிக்னல் சேர்ந்தாற்போல் நின்றால் வண்டி சோர்ந்துவிடும். உள்ளே போகிற காற்று 10 டிகிரி கூடினால் அதன் அடர்த்தி ஏறக்குறைய 3 சதவீதம் குறைந்துவிடும், அவ்வளவுதான் விஷயம். ராப் சுற்றினால் குழாய்க்குள் புகை சூடு ஆறாமல் வேகமாகப் போகும், அதனால் பிக்கப் கூடும் என்பதெல்லாம் ரேஸ் டிராக்கில் பேச வேண்டிய பேச்சு. ரோட்டு வண்டியில் அதைக் கண்டுபிடித்ததாகச் சொல்கிறவர்களை நான் நம்புவதில்லை.

முதலில் ராப்தான் போட்டிருந்தேன். ரெண்டு அங்குல கண்ணாடி இழை நாடா. தண்ணீரில் ஊறப்போட்டு, ஈரத்தோடு இழுத்துச் சுற்றினால் காயும்போது நன்றாக இறுகும், தூசும் பறக்காது. ஆனாலும் முழுக்கை சட்டை, கையுறை எல்லாம் போட்டும் ரெண்டு நாள் உடம்பு அரித்தது. ‘டைட்டானியம் ராப்’ என்று விற்பதில் டைட்டானியம் கிடையாது, அது எரிமலைப் பாறையை உருக்கி இழுத்த இழை. அரிப்பு கொஞ்சம் குறைவு, சூடும் அதிகம் தாங்கும், விலையும் அதற்கேற்றபடி. கண்ணாடி இழைக்கு 650 டிகிரி வரை என்று போட்டிருந்தால் இதற்கு 980 என்று போட்டிருப்பார்கள்.

ராப் வேலை செய்யவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. பானட்டைத் திறந்தால் முகத்தில் அடிக்கிற அனல் போயே போய்விட்டது. முதல் முறை ஸ்டார்ட் செய்தபோது நாடாவின் இழைகளைப் பிடித்திருக்கிற பைண்டர் (பசை) எரிந்து கிளம்பிய புகையில் அக்கம்பக்கத்தார் தண்ணீர் வாளியோடு வராததுதான் பாக்கி. அப்படியிருந்தும் ராப்பைக் கழற்றியதற்குக் காரணம் ஆயில். இந்த இன்ஜினில் வால்வ் கவர் கேஸ்கெட்டை (இன்ஜின் மேல்மூடியில் கசிவை அடைக்கிற பட்டை) எத்தனை முறை மாற்றினாலும் ஒரு நாள் கசியத்தான் செய்யும், கசிகிற ஆயில் நேராக ஹெட்டர் மேல்தான் இறங்கும். வெறும் குழாயில் சொட்டு விழுந்தால் கொஞ்சம் புகைந்து தீர்ந்துபோகும். ராப்போ விளக்குத்திரி மாதிரி அதை உறிஞ்சிச் சேர்த்து வைக்கிறது, அடியில் குழாய் முன்னைவிடச் சூடாக இருக்கிறது. ஒரு நாள் அங்கே நிறம் மாறிய பட்டையைத் தொட்டால் விரலில் பிசுபிசுவென்று ஆயில். அன்றைக்கே கத்திரி போட்டுவிட்டேன். உள்ளே 304 நீலமும் பழுப்புமாக மாறியிருந்ததே தவிர வேறொன்றும் ஆகவில்லை. தெரிந்தவர் ஒருவர் ஜிப்ஸியில் மைல்டு ஸ்டீல் (துருப்பிடிக்கிற சாதா ஸ்டீல்) ஹெட்டருக்கு ராப் சுற்றி ரெண்டு மழைக்காலம் ஓட்டினார், பிரித்தபோது துரு அப்பளம் அப்பளமாகப் பெயர்ந்து வந்தது. ஹெட்டர் செய்கிறவர்கள் பலர் ராப் சுற்றினால் வாரண்டி கிடையாது என்று எழுதி வைப்பது சும்மா இல்லை.

சரி, ஷீல்டு. தகடு வேலைக்கு டிங்கர் அண்ணனிடம் போனால் எடுத்த எடுப்பில், “தம்பி, ஜிஐ ஷீட் கைவசம் இருக்கு, அதுலயே தட்டிரலாமா?” என்றார். ஜிஐ ஷீட்டில் பூசியிருக்கிற துத்தநாகம் 420 டிகிரியிலேயே உருகிவிடும், ஹெட்டர் பக்கத்தில் அது வேண்டவே வேண்டாம். அரை மில்லிமீட்டர் அலுமினியத் தகடு ரெண்டு, நடுவே சின்ன இடைவெளி விட்டு ரிவெட் அடித்தோம். அலுமினியம் 660-இல் உருகும்தான், ஆனால் குழாயிலிருந்து 15 மில்லிமீட்டர் தள்ளி நின்றால் தகடு அந்தச் சூட்டுக்குப் பக்கத்திலேயே போகாது. பெரும்பாலும் கதிர்வீச்சாக வருவதைத் திருப்பி அடிப்பதுதான் அதன் வேலை, அதனால்தான் பளபளப்பும் இடைவெளியும் தகட்டின் தடிமனைவிட முக்கியம். சும்மா விட்டால் தகடு தகதகவென்று ஆடும் என்று அண்ணன் குறுக்கே நாலு பீடிங் (தகட்டை விறைப்பாக்குகிற புடைப்புக் கோடு) இழுத்துக் கொடுத்தார். அது அவர் யோசனை, அருமையான யோசனை.

அப்புறம் ஆரம்பித்தது பாடு. ஷீல்டை மேலே, ஹெட்டரை இன்ஜினோடு பிடிக்கிற ஃபிளாஞ்ச் ஸ்டட்டில் நீள நட்டு போட்டும், கீழே நாலு குழாய் ரெண்டாகச் சேருகிற இடத்துக்குப் பக்கத்தில் ஒரு கிளாம்பிலும் பிடித்திருந்தேன். 304 சூட்டில் நிறைய நீளும். அந்த ரெண்டு பிடிப்புக்கும் நடுவே 400 மில்லிமீட்டர் குழாய் இருக்கிறது, 420 டிகிரி ஏறினால் கிட்டத்தட்ட 3 மில்லிமீட்டர் வளரும். தகடு அவ்வளவு சூடாவதில்லை, அதனால் அந்த அளவு வளர்வதும் இல்லை. போல்ட்டை முறுக்கி இறுக்கினால் தகடு வளைந்து, ஒவ்வொரு முறை ஆறும்போதும் ‘டொக்’ என்று திரும்புகிறது, கொஞ்ச நாளில் துளையைச் சுற்றி விரிசல். தளர்த்தி விட்டால் 2200 ஆர்பிஎம் தாண்டியதும் ‘ஜிர்ர்ர்’. இறுக்கவும் முடியாது, விடவும் முடியாது. கீழ்த் துளையை நீள்வட்டமாக ராவி, போல்ட்டுக்கு லேத்தில் ஒரு காலர் (போல்ட்டைச் சுற்றி உட்காருகிற குட்டை வளையம்) கடைந்து போட்டேன். காலர் தகட்டைவிடக் கொஞ்சம் உயரம், ஆகவே போல்ட் முழுக்க இறுகினாலும் தகடு நகர இடம் கிடைக்கும். நகர்வது சரியாகிவிட்டது, சத்தம் மட்டும் அப்படியே இருந்தது.

கம்பெனி ஷீல்டுகளில் இந்த இடத்தில் பின்னிய கம்பி வலையை அழுத்திச் செய்த வாஷர் இருக்கும். அதைத் தனியாக வாங்கக் கேட்டால் கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்க்கிறார். வீட்டில் பாத்திரம் தேய்க்கிற ஸ்டீல் ஸ்கிரப்பர் கிட்டத்தட்ட அதே சரக்குதானே! அதைப் பிரித்து, காலரைச் சுற்றி வளையமாக உருட்டி, ரெண்டு பெரிய வாஷருக்கு நடுவே வைஸில் பிடித்து நசுக்கினேன். முதலில் செய்தது தளர்வு, சூட்டில் அமுங்கிப் போனது. சரக்கை இரண்டு மடங்காக்கி, நகத்தால் குத்தினால் இறங்காத அளவுக்கு நசுக்கியதும் நின்றது. தகட்டுக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று. இப்போது ஷீல்டை விரலால் சுண்டினால் மொத்தமாக ‘தொப்’ என்று ஒரு சத்தம், அவ்வளவுதான்.

அளந்து பார்க்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. துப்பாக்கி மாதிரி இருக்கிற இன்ஃப்ராரெட் மானியைப் பளபளக்கிற அலுமினியத்தில் காட்டி “60 டிகிரிதான்” என்று படம் போடாதீர்கள். பளபளப்பான பரப்பை அது அநியாயத்துக்குக் குறைத்துக் காட்டும், அதே தகட்டில் கையை வைத்தால் தோல் ஒட்டிக்கொள்ளும். சூடு தாங்கும் கறுப்பு பெயிண்டில் ஒரு ரூபாய் அகலத்துக்குப் பொட்டு வைத்து, அதில் அளக்க வேண்டும். அதைவிட மேல், மல்டிமீட்டரில் கே-டைப் தெர்மோகப்பிள் (சூட்டை உணர்கிற கம்பி) செருகி ஏர் ஃபில்டர் வாயில் கட்டிவிடுவது. நமக்கு வேண்டியது அந்த எண்தான். அதில் ராப்புக்கும் ஷீல்டுக்கும் நடுவே ஓட்டத்தில் வித்தியாசமே இல்லை. சிக்னலில் நிற்கும்போது ராப் கொஞ்சம் ஜெயிக்கிறது, ஒப்புக்கொள்கிறேன்.

அலுமினியத் தகடு, ஸ்டட், நீள நட்டு எல்லாம் பாரிமுனைப் பக்கம் ஒரே நடையில் கிடைக்கும். ராப் வேண்டும் என்றே நிற்பவர்கள் ஆன்லைனில் பளபளப்புப் பெட்டிக்குக் காசு கொடுக்காமல் பாய்லர் இன்சுலேஷன் சாமான் விற்கிற கடையில் கண்ணாடி இழை நாடா கேட்டுப் பாருங்கள், மீட்டர் கணக்கில் வெட்டித் தருவார்கள்.

இன்ஜின் ஆயில் தங்குகிற சம்ப்புக்கு அடியில் போகிற குழாய்க்கு இன்னும் எதுவும் செய்யவில்லை. குழாய்க்குச் சூடு தடுக்கிற செராமிக் கோட்டிங் கொடுத்தால் மேலே கீழே எல்லாமே ஒரே வேலையில் முடியும், விலையைக் கேட்டுவிட்டுத் திரும்பி வந்தேன். அதற்குள் மனசு இன்டேக் பக்கம் தாவிவிட்டது. ஹெட்லைட்டுக்குப் பின்னால் இருக்கிற சந்து வழியாக ஃபில்டருக்கு வெளிக்காற்று கொண்டுவந்தால் இந்தச் சண்டையே பாதி தேவையில்லை. அட்டையைச் சுருட்டி வைத்துப் பார்த்தேன், குழாய் நுழைகிறது, ஒரே ஒரு பிராக்கெட் அரை அங்குலம் இடிக்கிறது. அறுப்பதா வளைப்பதா என்று டிங்கர் அண்ணனிடம் கேட்க வேண்டும்.